பெட்டியைப் பிரிக்க நேரமில்லாத ஆட்டக்காரர்கள்: கூடைப்பந்து கேள்வி பதில்

கேள்வி: ஒருவர் பத்துப் பன்னிரண்டு அணிகள் மாறினார் என்றால், திறமை போதவில்லை என்றுதானே பொருள்?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் பொறுப்பதில்லை. திறமை இல்லாதவரை முதல் அணி விட்ட பிறகு அடுத்த அணி ஏன் சேர்க்க வேண்டும்? இஷ் ஸ்மித் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் 13 அணிகளுக்கு ஆடினார். அந்த லீகில் வேறு எவரும் அத்தனை அணிகளுக்கு ஆடியதில்லை. ஓர் அணியில் முழு ஒப்பந்த இடங்கள் 15. நட்சத்திரங்கள் போக மீதி இடங்கள் ஆண்டுதோறும் கைமாறும். அந்த இடங்களுக்கான போட்டிதான் கொடுமையானது.

கேள்வி: பத்து நாள் ஒப்பந்தம் என்பது என்ன?

பெயரில் உள்ளதேதான்: பத்து நாள் அல்லது மூன்று ஆட்டம், எது நீளமோ அது. ஜனவரி 5 முதல் போடலாம். ஒரே அணி ஒரே சீசனில் ஒருவருக்கு இரண்டு முறைதான் இதைத் தரலாம். பிறகு சீசன் முடியும்வரை வைத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் விட்டுவிட வேண்டும்.

வந்து இறங்கியவரின் முதல் நாளைப் பாருங்கள். பழைய அணியில் மூடிய கையை உயர்த்தினால் ஒரு நகர்வு. இங்கே அதே நகர்வுக்கு வேறு பெயர், வேறு சைகை. துணைப் பயிற்சியாளர் தரையில் நடந்து காட்ட, இவர் பின்னாலேயே நடந்து மனப்பாடம் செய்கிறார். அன்றிரவு கடைசி நான்கு நிமிடம் களம் கிடைக்கலாம். அதற்குள் தன் இடம் மட்டுமல்ல, மற்ற நால்வரின் இடமும் தெரிந்திருக்க வேண்டும். இதை எட்டு ஊரில் எட்டு முறை செய்தவருக்குப் பயிற்சியாளர் வேலையில் பாதி ஏற்கெனவே கைவந்துவிடுகிறது.

கேள்வி: அப்படி அணி அணியாக மாறிப் பயிற்சியாளராக வந்தவர்களில் நீங்கள் முதலில் சொல்வது யாரை?

கெவின் ஆலியை. 1995இல் டிராஃப்ட்டில், அதாவது அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், எந்த அணியும் அவரை எடுக்கவில்லை. இரண்டு ஆண்டுகள் சிறிய லீகில் ஆடிவிட்டு 1997இல் என்.பி.ஏ.வுக்கு வந்தார். 13 சீசன், 11 அணிகள். ஆட்டத்துக்குச் சராசரியாக நான்கு புள்ளிகூட இல்லை. ஆனாலும் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள், ஏனென்றால் அவர் வந்தால் பயிற்சி ஒழுங்காக நடக்கும். கடைசியாக ஓக்லஹோமா சிட்டியில், இளம் நட்சத்திரம் கெவின் டுரான்ட் இருந்த அணியில் ஆடினார்.

2012இல் தான் படித்த கனெக்டிகட் பல்கலைக்கழக அணியின் தலைமைப் பயிற்சியாளரானார். 2014 தேசியக் கல்லூரிப் போட்டியில் அந்த அணிக்கு அதன் பிரிவில் தரவரிசை 7. இறுதியில் கென்டக்கியை 60–54 என வென்றது. ஏழாம் தரவரிசை அணி அந்தக் கோப்பையை வென்றது அதுவே முதல் முறை.

கேள்வி: பயிற்சியாளரான பிறகாவது நிலையான வேலை கிடைக்குமா?

கிடைக்காது. ஆலியையே 2018இல் பல்கலைக்கழகம் நீக்கியது. நீக்கியது முறையல்ல என்று 2022இல் தகராறைத் தீர்க்க அமர்ந்த நடுவர் (ஆட்ட நடுவர் அல்ல) தீர்ப்பளித்து, 1.1 கோடி டாலருக்கு மேல் கொடுக்கச் சொன்னார்.

கேள்வி: வெளிநாட்டு கிளப் சம்பளம் தராவிட்டால் என்ன செய்வது?

கையெழுத்துக்கு முன்பே இதைப் பார்க்க வேண்டும். ஒப்பந்தத் தகராறுகளைத் தீர்க்கும் கூடைப்பந்து நடுவர் மன்றம் ஜெனீவாவில் 2007 முதல் இயங்குகிறது. இதைத் தொடங்கியது உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபிபா. ஒப்பந்தத்தில் அந்த மன்றத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால்தான் அங்கே முறையிடுவது எளிது. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடலாம். அந்த ஒரு வரி இல்லாத ஒப்பந்தத்தில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

கேள்வி: என் அண்ணனுக்கு வயது 33. இன்னும் ஆடுகிறார், பயிற்சியாளராக ஆசைப்படுகிறார். எங்கே தொடங்கலாம்?

ஓய்வு பெறும்வரை காத்திருக்க வேண்டாம். பயிற்சியாளரிடம் போய், எதிரணியின் வீடியோவை வெட்டித் தொகுக்கும் வேலையைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். என்.பி.ஏ.வின் மயாமி அணிக்குத் தலைமைப் பயிற்சியாளரான எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995இல் அந்த அணியின் வீடியோ அறையில்தான் தொடங்கினார். பெஞ்சில் உட்காரும் நாளில் ஒரு நோட்டும் கையில் இருக்கட்டும்: டைம்அவுட்டில் பயிற்சியாளர் பேசுவதற்கு முன், தான் என்ன சொல்லியிருப்பார் என்று அதில் எழுதிவைக்கட்டும்.