உங்கள் பட்டறையிலேயே இருக்கிறது அந்தப் பாடம்

அண்ணே, "என் மகள் எம்.ஏ.வில் தொழிற்பொருளாதாரம் எடுக்கப்போகிறாளாம். சந்தையைப் பற்றிப் படிக்க எதற்குக் காலேஜ், காரைக்குடிச் சந்தைக்குப் போனால் போதாதா?" என்று போனில் கேட்டீர்கள். சிரித்துவிட்டேன். தப்பாக நினைக்க வேண்டாம்.

உங்கள் ஆத்தங்குடிப் பட்டறையையே எடுத்துக்கொள்வோம். கண்ணாடி மேல் அச்சை வைத்து, கலர் சிமெண்டை ஊற்றிக் கையால் தரைக்கல் போடும் பட்டறைகள் ஊரில் பல. ஆனால் ஒருவர் கை இன்னொருவருக்கு வராது. உங்கள் பூக்கல்தான் வேண்டும் என்று வருகிறவர் இரண்டு ரூபாய் கூடுதலுக்கு முகம் சுளிக்கமாட்டார். பத்து ரூபாய் ஏற்றினால் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவார். பாடத்தில் இதற்கு முற்றுரிமைப் போட்டி என்று பெயர்.

சரி, கல்லுக்கு வாங்கும் சிமெண்ட்? பெரிய கம்பெனிகள் சில. ஒன்று மூட்டைக்கு விலை ஏற்றினால் மற்றவையும் பின்னாலேயே ஏற்றுகின்றன என்று நீங்களே புலம்பியிருக்கிறீர்கள். இது சில்லோர் முற்றுரிமை. ஒருவரைப் பார்த்து ஒருவர் ஏற்றுகிறார்களா, கூடிப் பேசி ஏற்றுகிறார்களா? முன்னது மட்டும் குற்றமாகாது, பின்னது குற்றம். இந்தியப் போட்டி ஆணையம் 2012இல் சிமெண்ட் கம்பெனிகளுக்கு 6,000 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது இந்த விவகாரத்தில்தான். மேல்முறையீடு என்று வழக்கு இழுத்தது தனிக்கதை. இப்படிப்பட்ட வழக்கில் விலையையும் உற்பத்தியையும் அலசுவதற்கு உங்கள் மகள் கேட்கும் இந்தப் படிப்புதான் வேண்டும்.

வேலைக்கு வருவோம். யூ.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் பொருளாதாரப் பணித் தேர்வின் பாடத்திட்டத்திலேயே இது இருக்கிறது. ஆனால் இடங்கள் குறைவு. அதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். போட்டிச் சட்ட வழக்குகளை நடத்தும் வக்கீல் நிறுவனங்களுக்கும் ஆலோசனைக் கம்பெனிகளுக்கும் இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் தேவைப்படுகிறார்கள்.

என் கவலை வேறு. அவள் கணக்கென்றால் நழுவுகிறாள். இந்தப் பாடத்தில் அது நடக்காது. நாலு கம்பெனிகள் சந்தையில் 40, 30, 20, 10 சதவீதம் வைத்திருந்தால், ஒவ்வொன்றையும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 3,000. கடைசி இரண்டும் இணைந்தால் 3,400. சந்தை சிலர் கைக்குள் எவ்வளவு போகிறது என்று இப்படித்தான் அளக்கிறார்கள். புள்ளியியல் ஒரு பேப்பராவது கூடவே எடுக்கட்டும்.

சனிக்கிழமை அழைத்து வாருங்கள், அண்ணே. பட்டறையின் மூன்று வருஷத்துச் சிமெண்ட் பில்லையும் கொண்டுவரச் சொல்லுங்கள். எந்த மாதம் எவ்வளவு ஏறியது என்று எக்செலில் அவளே போட்டுப் பார்க்கட்டும், அப்புறம் பேசுவோம்.