ஆர்சி (ரிமோட்டில் ஓடும்) கார் சேஸிஸில் (அடிச்சட்டத்தில்) கீறல், தேய்மானம்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

புதிதாக டாமியா டிடி-02 வாங்கினேன் அண்ணா. முதல் நாளே தார் ரோட்டில் ஓட்டி அடிப்பக்கம் முழுக்கக் கீறல். மனசே ஆறவில்லை. அடியில் பாதுகாப்பு ஃபிலிம் (பசையுள்ள பிளாஸ்டிக் தாள்) ஒட்டலாமா?

புது வண்டியில் முதல் கீறல் வலிக்கத்தான் செய்யும் தம்பி. ஆனால் அது தொட்டி மாதிரி வார்த்த பிளாஸ்டிக் சேஸிஸ். மேலோட்டமான கீறலால் அதன் பலம் குறையாது. ஃபிலிம் வாங்குவதற்கு முன் வண்டியைக் கவிழ்த்து, கீறல் எங்கே அதிகம் என்று பாருங்கள். வால்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால், குதித்து இறங்கும்போது பின்பகுதி தரையில் அறைகிறது. அடி முழுக்க ஒரே சீராகத் தேய்ந்திருந்தால் வண்டியின் உயரமே போதவில்லை. ஸ்பிரிங்குக்கு மேல் ஸ்பேசர் (சிறு வளையம்) சேர்த்து இரண்டு மில்லிமீட்டர் தூக்கினாலே பாதிப் பிரச்சினை போய்விடும். உரசலைக் குறைக்காமல் ஒட்டினால் ஃபிலிமும் சீக்கிரம் கிழியும்.

என்னுடையது 1/8 பக்கி (நிஜ வண்டியில் எட்டில் ஒரு பங்கு அளவு, மண்ணில் ஓடும் வகை), அலுமினிய சேஸிஸ். ஃபிலிம் ஒட்டினால் ஒரே நாளில் ஓரம் தூக்கிக்கொள்கிறது.

பெரும்பாலும் எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். டபிள்யூடி-40, மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம், அவை பிசுபிசுப்பை விட்டுப்போகும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இரண்டு தடவை துடையுங்கள். பிறகு, பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டுக் கலந்த தண்ணீரைச் சேஸிஸிலும் ஃபிலிமின் பசைப்பக்கத்திலும் தெளியுங்கள். ஈரம் இருக்கும்வரை ஃபிலிமை நகர்த்தி இடம் பார்க்கலாம். பழைய ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீரைத் தள்ளுங்கள்.

முக்கியமான விஷயம் இதுதான்: ஃபிலிமை சேஸிஸின் விளிம்பு வரை கொண்டுபோகாதீர்கள். இரண்டு மில்லிமீட்டர் உள்ளேயே நிறுத்தி, மூலைகளை வட்டமாக வெட்டுங்கள். கூர்மையான மூலைதான் முதலில் தூக்கும். ஸ்க்ரூ இருக்கும் இடங்களையும் பிளேடால் வட்டமாக எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சர்வீஸுக்கும் ஃபிலிமை உரிக்க வேண்டி வரும். கடைசியாக ஹேர் டிரையரால் ஓரங்களைச் சூடாக்கி அழுத்தி, ஓர் இரவு விட்டுவிடுங்கள். கழற்றும்போதும் அதே சூடு கொடுத்து மெதுவாக உரியுங்கள்.

வண்டிக்கென்றே வெட்டிய செட் விலை அதிகமாகத் தெரிந்தால், கார்களுக்கு பிபிஎஃப் (பெயின்ட்டைக் காக்கும் ஃபிலிம்) ஒட்டும் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு கேட்டுப் பாருங்கள். நான் பல வருடமாக அதைத்தான் ஒட்டுகிறேன்.

ஃபிலிமுக்கு அடியில் மணல் புகுந்துவிட்டது. அப்படியே ஓட்டலாமா?

வேண்டாம். அது உப்புத்தாள் மாதிரி உள்ளிருந்தே தேய்க்கும். அலுமினியத்தின் மேல் இருக்கும் நிறப் படலம் (அனோடைசிங்) மிக மெல்லியதுதான். தேய்ந்து போனால் பாலிஷ் போட்டுத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இன்றே உரித்துவிடுங்கள்.

அடியில் இருக்கும் ஸ்க்ரூ தலைகள் தேய்ந்து ஆலன் கீ பிடிக்கவே மாட்டேன் என்கிறது.

கீறலை விட இதற்குத்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். ஓட்டுவதற்கு முன்பே ஸ்க்ரூ தலையின் குழியை ஹாட் க்ளூவால் நிரப்பிவிடுங்கள். மண் புகாது, கழற்றும்போது ஊசியால் நெம்பினால் வந்துவிடும். குழியின் ஆழம் பாதியாகக் குறைந்ததும் ஸ்க்ரூவை மாற்றுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நான் ஒருமுறை தள்ளிப்போட்டு, மோட்டார் மவுண்ட் ஸ்க்ரூ ஒன்றைக் கழற்ற ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் செலவழித்தேன். சால்டரிங் அயர்னை ஸ்க்ரூ தலையில் வைத்துச் சூடேற்றினால் உள்ளே இருக்கும் திரெட்லாக் (ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசை) இளகும். அப்புறம் தலையில் ஒரு பள்ளம் அறுத்து, தட்டை ஸ்க்ரூடிரைவரால் திருப்புங்கள். அந்தத் திரெட்லாக்கை உலோகத்தோடு உலோகம் சேரும் இடத்தில் மட்டும் போடுங்கள். பிளாஸ்டிக்கில் பட்டால் விரிசல் விடும்.

கீறல் மேல் நெயில் பாலிஷ் பூசலாமா?

முதல் ஓட்டத்திலேயே உரிந்துவிடும். வேண்டாம்.

கார்பன் ஃபைபர் சேஸிஸுக்கு ஏதாவது தனியாகச் செய்ய வேண்டுமா?

அதில் கவனிக்க வேண்டியது விளிம்பு. சுவரில் இடித்தால் அங்கிருந்துதான் அடுக்கடுக்காகப் பிரியும். புதிதாக இருக்கும்போதே விளிம்பை நைஸான வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேயுங்கள். மாஸ்க் கட்டாயம், அந்தத் தூள் நுரையீரலுக்குக் கெடுதி. நன்றாகக் காய்ந்ததும் நீர்மமான சூப்பர் க்ளூவை விளிம்பு நெடுக ஓடவிடுங்கள், இழைகளுக்குள் ஊறி இறுகிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யுங்கள். இன்னொன்று, கார்பனில் மின்சாரம் பாயும். பேட்டரி வயர் விளிம்பில் உரசும் இடத்தில் ஒரு துண்டு ரப்பர் டியூப் மாட்டிவிடுங்கள்.