பத்தொன்பது கோடுகள்

அன்புள்ள அண்ணனுக்கு,

மண்டபம் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். கடல்பாசி வளர்க்கிறோம், ஒரு மூங்கில் மிதவைக்கு 20 கயிறு. என் மகள் எட்டாவது படிக்கிறாள். பாசி கட்டி முடிக்கிற ஒவ்வொரு கயிறுக்கும் நோட்டில் ஒரு கோடு போடுவாள். போன வாரம் ஒரு கயிறு அறுந்துபோனதால் 19 கோடுதான். 1111111111111111111. இதையே ஒரு எண்ணாக வைத்துக்கொண்டால் எதால் வகுபடும் என்று கேட்டாள். போன் கால்குலேட்டரில் முழுசாக வரவில்லை, கையால் போட்டோம். 3, 7, 11, 13 எதில் வகுத்தாலும் மீதி 1. எங்கேயாவது தப்பு விட்டோமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

தப்பே இல்லை, நான்கும் சரி. விடையைவிட எனக்கு அந்த மீதி 1தான் ரொம்பப் பிடித்தது.

7ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 1, 11, 111 என்று ஒவ்வொரு கோடாக நீட்டிக்கொண்டே போய் 7ஆல் வகுத்தால் மீதி 1, 4, 6, 5, 2, 0 என்று வரும். ஆறாவதில் 0, அதாவது 111111 = 7 × 15873. ஏழாவது கோட்டில் திரும்பவும் 1, அப்புறம் 4, 6 என்று அதே வரிசை. 13க்கும் ஆறு கோட்டுக்கு ஒருமுறை 0 வரும், 3க்கு மூன்று கோட்டுக்கு ஒருமுறை, 11க்கு இரண்டு கோட்டுக்கு ஒருமுறை. 6, 3, 2 எல்லாமே 18ஐ மிச்சமில்லாமல் வகுக்கும் இல்லையா, அதனால் 18வது கோட்டில் நான்குக்கும் மீதி 0. உங்கள் மகள் கடைசியாகப் போட்ட 19வது கோடுதான் அந்த மீதி 1.

சரி, வேறு எதாலாவது வகுபடுமா? படாது, அது பகா எண். நேராகச் சோதித்தால் 105 கோடி வரை போக வேண்டும். ஆனால் 19ம் பகா எண் என்பதால் ஒரு குறுக்குவழி உண்டு: பகாக் காரணி என்று ஒன்று இருந்தால் அதை 38ஆல் வகுக்கும்போது மீதி 1 வந்தாக வேண்டும், ஆகவே 191, 229, 419 என்று தாண்டித் தாண்டிப் பார்த்தால் போதும்.

கோடுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தாலே போதும் என்று நினைத்துவிடாதீர்கள். 111 = 3 × 37. பதினேழு கோடு போட்டால் அது 2071723 × 5363222357 என்று உடைந்துவிடும், இதை முதலில் பார்த்தபோது நான் அசந்துபோனேன். 11க்கு அடுத்து, ஒன்றுகளால் மட்டுமே ஆன பகா எண் உங்கள் வீட்டு நோட்டில் இருப்பதுதான். அதற்குப் பிறகு 23 கோடு, அப்புறம் ஒரே தாவாக 317, பிறகு 1031. அந்த 1031 கோட்டு எண் பகா எண் என்று நிரூபிக்க 1980கள் வரை ஆயிற்று. இப்படிப்பட்டவை முடிவில்லாமல் வருமா என்பதை இன்றுவரை யாரும் நிரூபிக்கவில்லை.

அறுந்த கயிற்றை மாற்றிவிட்டீர்களா? 20வது கோடு விழுந்த உடனே 11 வந்து வகுத்துவிடும். கோடுகளை ஐந்து ஐந்தாகப் பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள், இன்னும் இரண்டு காரணி அவளுக்கே கிடைக்கும்.