முதல் ரூபாய் எந்தப் பக்கம் போகிறது?

கேள்வி: அக்கா, எங்களுக்குச் சென்னிமலை. வீட்டுக்காரர் தறிக்குப் போகிறார், நான் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றுகிறேன். போன வாரம் என் நங்கையா (நாத்தனார்) பெருந்துறையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூட்டிப் போனார். 18,000 ரூபாய் கட்டினால் சத்துமாவு டப்பாவும் சோப்பும் ஒரு பெட்டி நிறையத் தருகிறார்களாம். அப்புறம் ஆறு பேரைச் சேர்த்துவிட்டால் வாராவாரம் பணம் வருமாம். வீட்டில் இருந்தபடியே போனில் பேசினால் போதும் என்கிறார். எனக்கு மனசு ஒப்பவில்லை. ஆனால் என் மகளுக்குச் சீர் செய்யும்போது முன்னால் நிற்க வேண்டிய அத்தை அவர். எப்படி மறுப்பது?
- பெயர் வேண்டாம், சென்னிமலை

பதில்: அம்மிணி, உங்கள் தார் வேலையையே எடுத்துக்கொள்வோம். தறிக்காரர் நூலைக் கொண்டுவந்து போடுகிறார், நீங்கள் சுற்றித் தருகிறீர்கள், கூலி வருகிறது. நூலைக் கொடுக்கும் முன் "பத்தாயிரம் கட்டுங்க" என்று எந்தத் தறிக்காரராவது கேட்டதுண்டா? திருப்பூர்ப் பக்கம் பனியனுக்குப் பிசிர் வெட்டும் பெண்களைக் கேளுங்கள். மூட்டை வாசலுக்கு வரும், பீஸ் கணக்கில் கூலி வரும். கூலி குறைவுதான், அதில் எனக்கும் வருத்தம் உண்டு. ஆனாலும் காசு வேலை கொடுப்பவரிடமிருந்து வேலை செய்பவருக்கு வருகிறது. உங்கள் நங்கையா சொல்லும் வேலையில் முதல் ரூபாய் உங்கள் கையிலிருந்து போகிறது. அந்த இடத்திலேயே நின்றுவிடுங்கள்.

மண்டபத்தில் போர்டில் வட்டம் போட்டுக் காட்டியிருப்பார்கள். மூன்று வரிசைக்கு மேல் போட்டிருக்க மாட்டார்கள். மகளின் கணக்கு நோட்டை வாங்கி மீதியை நீங்களே போட்டுப் பாருங்கள். 6, 36, 216. ஐந்தாவது வரிசையில் 7,776 பேர். ஒன்பதாவது வரிசை ஒரு கோடியைத் தாண்டும். பத்தாவதுக்கு ஆறு கோடிப் பேர் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு ஜனமே 7.2 கோடிதான், தொட்டில் குழந்தையையும் கட்டிலில் கிடக்கிற அப்பச்சியையும் சேர்த்து. இன்னொன்றும் பாருங்கள். ஆளுக்கு ஆறு பேர் என்று வளரும் சங்கிலி எந்த வரிசையில் அறுந்தாலும், அப்போது உள்ளே இருப்பவர்களில் ஆறில் ஐந்து பங்குப் பேர் கடைசி வரிசையில்தான் இருப்பார்கள். அவர்கள் யாரையும் சேர்த்திருக்க மாட்டார்கள், போட்ட பணமும் வராது. மேடையில் ஏற்றுவது மீதி ஒரு பங்கிலிருந்து சிலரை.

ஆள் சேர்ப்பதற்குக் காசு தரும் திட்டத்தை 1978-லேயே சட்டம் போட்டுத் தடை செய்துவிட்டார்கள். நடத்துபவருக்கு மட்டும் தடை என்று நினைக்காதீர்கள், உறுப்பினராகச் சேருவதும் அதில் அடங்கும். நேரடி விற்பனைக்கென்று 2021-ல் வந்த விதிகளும் சேருவதற்குக் கட்டணம் வாங்கக் கூடாது என்கின்றன. ஒழுங்காகப் பொருள் விற்கும் கம்பெனி என்றால் விற்ற பொருளுக்குத்தான் கமிஷன் தரும், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்ளும், வீடு தேடி வரும் ஆளுக்கு அடையாள அட்டை கொடுத்திருக்கும்.

இதை நான் இத்தனை அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. பணம் கட்டி ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் என்று கம்பெனிகள் ஆசை காட்டிய காலத்தில் நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் கவுண்டரில் இருந்தேன். என் சின்னம்மா நாலு பவுன் சங்கிலியை மஞ்சள் துணியில் முடிந்து எடுத்து வந்தார். கழுத்து மஞ்சள் கண்ணிகளில் அப்படியே ஒட்டியிருந்தது. மதிப்பீட்டாளர் துடைத்துவிட்டுக் கல்லில் உரசினார். "எதுக்குங்க சின்னம்மா?" என்று கேட்டேன். "கோழிக் குஞ்சுக்குத்தான் கண்ணு, மாசாமாசம் தீனிக்காசு அவங்களே குடுக்கறாங்களாம்" என்றார். எனக்குள் சந்தேகம் இருந்தது. ஆனால் முன்னால் சேர்ந்தவர்களுக்கு மாதாமாதம் பணம் சரியாக வந்துகொண்டிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அதனால் வாயைத் திறக்கவில்லை, அட்டையை எழுதி நீட்டினேன்.

சின்னம்மாவுக்கு ஐந்து மாதம் பணம் வந்தது. 2012 ஆகஸ்டில் பெருந்துறைப் பக்கம் ஈமுத் திட்டம் இடிந்து விழுந்தது. பட்டிகளில் தீனி இல்லாமல் பறவைகள் நின்றதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறியைக் கிலோ போட்டு வாங்குகிறவர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை, நானும்தான். முதல் மாதங்களில் வந்த பணம் கோழி சம்பாதித்த பணம் இல்லை, பின்னால் வந்து சேர்ந்தவர் கட்டிய பணம். சங்கிலி ஏலத்துக்குப் போனது. அந்த ஏல நோட்டீஸையும் நான்தான் எழுதினேன்.

சரி, நங்கையாவிடம் எப்படிச் சொல்வது? "வீட்டில் ஒத்துக்கலீங்க" என்று சாக்குச் சொல்லாதீர்கள், அடுத்த நாள் உங்கள் வீட்டுக்காரரிடம் வந்து உட்காருவார். தனியாக அழைத்துக் காபி கொடுத்துக் கேளுங்கள்: "போன மாசம் இதுல சேராதவங்க எத்தனை பேர் டப்பா வாங்கினாங்க? உங்க பாஸ்புக்ல எவ்வளவு ஏறியிருக்கு?" பதில் வராது. அவர் கெட்டவர் இல்லை. தான் கட்டிய 18,000-ஐ எடுக்க வழி தெரியாமல்தான் உங்களிடம் வந்திருக்கிறார். விற்காத டப்பாக்களோடு பணத்தைத் திருப்பிக் கேட்டு இருவருமாக உட்கார்ந்து கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள், ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள். அசையவில்லை என்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். இப்படிக் கூட நின்றால் சீருக்கு அவர் சந்தோஷமாகவே வருவார்.

கேள்வி: வீட்டிலிருந்தே டைப் செய்யும் வேலை என்று என் மகன் சேர்ந்தான். ஆயிரம் பக்கம் அடித்து அனுப்பிய பிறகு, தப்பு அதிகம், ஒப்பந்தத்தை மீறிவிட்டாய், 5,800 ரூபாய் கட்டாவிட்டால் கோர்ட் கேஸ் என்று வக்கீல் பெயரில் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் வந்திருக்கிறது. பையன் இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.
- ஒரு தாய், தாராபுரம்

பதில்: முதலில் அவனைச் சாப்பிட வையுங்கள். ஒரு ரூபாய் கூடக் கட்ட வேண்டாம். கட்டினால் அடுத்த நோட்டீஸ் இதைவிடப் பெரிய தொகைக்கு வரும். எந்த நீதிமன்றமும் ஜிபே எண் கொடுத்துப் பணம் அனுப்பச் சொல்லாது. இந்த ஆட்களுக்கு அவன் அடித்த பக்கங்களால் ஒரு உபயோகமும் இல்லை, பயந்து கட்டும் பணம்தான் அவர்களுக்கு வருமானம். வந்த செய்திகளை அழிக்காமல் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு 1930 சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அவன் ஆதார் நகல் கொடுத்திருந்தால் அதையும் புகாரில் சொல்லுங்கள். அவனைத் திட்டாதீர்கள், சம்பாதித்து வீட்டுக்குக் கொடுக்க நினைத்த பிள்ளை.

கேள்வி: சூடம் செய்யும் மிஷின் வாங்கினால் மூலப்பொருளையும் தந்து, செய்ததைத் தாங்களே வாங்கிக்கொள்வதாக ஒரு கம்பெனி சொல்கிறது. நம்பலாமா?
- வாசகர், கோபி

பதில்: பணம் கட்டும் முன் ஒரு வேலை செய்யுங்கள். கோபியிலும் சத்தியிலும் நாலு பூஜைச் சாமான் கடைக்குப் போய், சூடம் என்ன விலைக்கு எடுப்பீர்கள் என்று கேளுங்கள். கம்பெனி வாங்காமல் போனாலும் அந்த விலைக்கு விற்றுக் கட்டுப்படியாகுமா என்று பாருங்கள். கட்டுப்படியானால் மிஷினை வேறு கடையிலும் விலை கேட்டு வாங்குங்கள். ஆகாதென்றால் விட்டுவிடுங்கள், ஏனென்றால் "தரம் சரியில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லி அவர்கள் சரக்கைத் திருப்பி அனுப்பிவிட முடியும். மிஷின் விற்ற லாபம் அதற்குள் அவர்கள் கைக்குப் போயிருக்கும்.