தூர்வாரிய மண்ணுக்கு ஒரு வரைபடக் கணக்கு: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்கள் வாய்க்காலில் 4 கி.மீ. தூர்வாரப் போகிறார்கள். எடுத்த மண், கொட்டிய இடம் எல்லாவற்றையும் இணைய வரைபடத்தில் ஏற்றலாம் என்று பாசனதாரர் சங்கத்தில் பேசினோம். செலவில்லாமல் முடியுமா?
– வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: முடியும். கணினியில் வரைபடம் வரைய கியூஜிஐஎஸ், களத்தில் போனில் பதிய கியூஃபீல்டு, இணையத்தில் ஊருக்குக் காட்ட யூமேப்; மூன்றும் இலவசம். வாய்க்காலைக் கோடாக வரைந்து, தலைமதகிலிருந்து 50 மீட்டருக்கு ஒரு புள்ளி வையுங்கள். அந்தத் தூரமே புள்ளியின் பெயர். மண் குவியல் ஒவ்வொன்றையும் பரப்பாக வரைந்து, எந்தப் புள்ளி முதல் எந்தப் புள்ளி வரை வெட்டிய மண் என்பதைக் கட்டாயம் நிரப்ப வையுங்கள். அது இல்லையென்றால் வெறும் கலர் படம்தான் மிஞ்சும்.

ஆழத்தை மட்டும் போனிடம் கேட்காதீர்கள். திறந்த வெளியில் இடத்தையே 3 முதல் 5 மீட்டர் பிசகித்தான் சொல்லும். உயரத்தில் பிசகு இன்னும் அதிகம். நீங்கள் தேடுவதோ அரை மீட்டர் வண்டல். மதகுச் சுவரில் பெயிண்டால் ஒரு குறி போட்டு, அதிலிருந்து ஆட்டோ லெவலால் (மட்டம் பார்க்கும் தொலைநோக்கிக் கருவி) ஒவ்வொரு புள்ளியிலும் குறுக்கே மட்டம் எடுங்கள். இயந்திரம் இறங்கும் முன் ஒரு முறை, வேலை முடிந்ததும் ஒரு முறை. அடுத்தடுத்த இரு புள்ளிகளில் வெட்டிய குறுக்குப் பரப்பு 2.4, 3.0 சதுர மீட்டர் என்றால், சராசரி 2.7. அதை 50-ஆல் பெருக்க 135 கன மீட்டர். மேட்டூரில் ஜூன் 12-ல் தண்ணீர் திறப்பதாக இருந்தால், அது வந்து சேருமுன் இரண்டாவது அளவை முடித்துவிடுங்கள். அதற்குப் பிறகு படுகை கண்ணில் படாது.

கேள்வி: அளவுப்படி 135 கன மீட்டர். டிராக்டர் நடையோ 60. நடைக்கு 3 என்றால் 180 வருகிறதே?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: உடனே யாரையும் சந்தேகிக்க வேண்டாம். களிமண்ணை வெட்டினால் கால் பங்கோ அதற்கு மேலுமோ உப்பும். கால் பங்கு என்றாலே 135 என்பது 169 ஆகிவிடும். மீதி, நிரம்பாமல் போன நடைகளாக இருக்கலாம். உங்கள் மண் எவ்வளவு உப்புகிறது என்று நீங்களே பார்த்துவிடலாம். படுகையில் 2 × 2 மீட்டரில் அரை மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டினால் 2 கன மீட்டர். அந்த மண்ணை டிரெய்லரில் போட்டுச் சமன் செய்யுங்கள். உள்ளளவு 3 × 1.8 மீட்டர் டிரெய்லரில் 46 செ.மீ. நின்றால் 2.5 கன மீட்டர், அதாவது 1.25 மடங்கு. வெட்டிய அளவு, ஏற்றிய அளவு இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வையுங்கள். ஒரே கட்டத்தில் போட்டுக் குழப்பிக்கொள்வதில்தான் பாதிச் சண்டை.

கேள்வி: ஏற்றிய புள்ளிகள் வட துருவத்துக்குப் பக்கத்தில் போய் விழுகின்றன. குவியலின் பரப்பும் கூடுதலாகக் காட்டுகிறது.
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: அட்சமும் (அட்சரேகை) தீர்க்கமும் (தீர்க்கரேகை) இடம் மாறிவிட்டன. 10.7, 79.4 என்பதைத் திருப்பிப் போட்டால் ஸ்வால்பார்ட் தீவுக் கரைக்குத்தான் போகும். வரைபடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கம் முதலில் வர வேண்டும். இணையத்தில் வரைபடம் காட்டும் லீஃப்லெட் நிரலில் அட்சம் முதலில். இரண்டையும் கலந்து எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒருமுறையாவது இதில் விழுந்தவர்கள்தான்.

பரப்பு கூடுவது, உருண்டைப் பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் இணைய வரைபடத்தின் வெப் மெர்கேட்டர் முறையால். நம் அட்சத்தில் அது சுமார் 4 சதவீதம் பெருக்கிக் காட்டும். அளக்கும்போது மீட்டர் கணக்கில் அளக்கும் யூடிஎம் 44 வடக்கு முறைக்கு (கியூஜிஐஎஸ்ஸில் அதன் எண் இபிஎஸ்ஜி 32644) மாற்றிக்கொள்ளுங்கள். காட்டும்போது எப்படி இருந்தாலும் சரி.

கேள்வி: மண்ணைக் கரையிலேயே விட்டுவிடுகிறார்கள். மழையில் திரும்ப உள்ளே போகிறது. இதற்கு வரைபடம் உதவுமா?
– வாசகர், மயிலாடுதுறை

பதில்: கரை விளிம்புக் கோட்டுக்கு 3 மீட்டர் அகலத்தில் கியூஜிஐஎஸ்ஸில் ஒரு பஃபர் (கோட்டை ஒட்டிய பட்டை) போடுங்கள். அதன் மேல் படும் குவியல்களைச் சிவப்பாக்குங்கள். கொட்டிய தேதியையும் சேர்த்தால், 15 நாள் தாண்டியவற்றைத் தனியாக வடிகட்டி எடுக்கலாம். லாரியை முதலில் அனுப்ப வேண்டியது அங்கேதான். கடலோர முகத்துவாரத்தில் எடுத்த வண்டலை மட்டும், உப்புத்தன்மை பரிசோதிக்காமல் வயலுக்குக் கொடுக்க வேண்டாம்.