தடுப்பூசிக்குப் பின் காய்ச்சல்: யாரிடம் சொல்வது?

கேள்வி: மூன்றரை மாதக் குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட பின் தொடை வீங்கி, இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது. இதை நானே கைப்பேசி வழியாகத் தெரிவிக்க முடியுமா?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: முடியும். மருத்துவர்தான் எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்ய 2010இல் தொடங்கிய இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தை காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்தியல் ஆணையம் ஒருங்கிணைக்கிறது. அதன் 'ஏடிஆர் பிவிபிஐ' செயலியிலோ, 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணிலோ தெரிவிக்கலாம். கிராம சுகாதார செவிலியரிடமும் கட்டாயம் சொல்லுங்கள். தடுப்பூசிக்கென உள்ள தனிக் கண்காணிப்பு அவர் வழியாகவும் மாவட்ட அளவுக்குப் போகிறது.

எந்தத் தேதியில், எந்த நேரத்தில் ஊசி போட்டார்கள், எத்தனை மணி நேரம் கழித்துக் காய்ச்சல் வந்தது, வெப்பமானி எவ்வளவு காட்டியது என்பவற்றோடு, மருந்துக் குப்பியின் தொகுதி எண்ணையும் (பேட்ச் எண்) குறிப்பிட்டால்தான் அந்தத் தகவலுக்கு முழுப் பயன் உண்டு. அந்த எண்ணை ஊசி போடும்போதே கேட்டு அட்டையில் எழுதி வாங்குவது நல்லது; நம்மில் பலர் கேட்பதே இல்லை.

2020 டிசம்பரில் அமெரிக்கா தொடங்கிய 'வி-சேஃப்' முறையில், கோவிட் தடுப்பூசி போட்டுப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக் குறுஞ்செய்தி அனுப்பி அரசே நலம் விசாரித்தது. மக்கள் தாமாக வந்து சொல்லட்டும் என்று காத்திருப்பதைவிட இது மேல் என்பது என் கருத்து.

புகார் பதிவானதாலேயே ஊசிதான் காரணம் என்று ஆகிவிடாது. அதை வல்லுநர்கள் ஆராய்ந்தே முடிவு செய்வார்கள். வலிப்போ மூச்சுத்திணறலோ வந்தால், செயலியைத் தேடாமல் 108ஐ அழையுங்கள்.