வலிக்கிறது என்கிறான், செல்போனும் பார்க்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. சிக்கிள் செல் நோய் இருப்பதைச் சிறு வயதிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள். போன மாதம் கால்வலி தாங்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். "செல்போன் பார்த்துக்கிட்டிருக்கான், இவனுக்கு என்ன வலி?" என்று நர்ஸ் கேட்டார். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவனை எப்படிப் பார்த்துக்கொள்வது?
- ஒரு தாய், கூடலூர், நீலகிரி

பதில்: உங்கள் மகன் நடிக்கவில்லை அம்மா.

இந்த நோயில் ரத்தத்தின் சிவப்பணுக்கள் அரிவாள்போல வளைந்து விறைத்துவிடும். அவை நுண்ணிய ரத்தக்குழாய்களை அடைத்துவிட்டால், எலும்புக்கு ஆக்சிஜன் போகாது. வெளியே வீக்கம்கூட இல்லாமல் உள்ளே எலும்பு முறிவதுபோல வலிக்கும். எக்ஸ்ரேயிலும் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. குழந்தையிலிருந்தே இந்த வலியோடு வளர்ந்த பிள்ளைகள் அழுவதில்லை. பாட்டுக் கேட்பதிலோ செல்போனிலோ மனதைச் செலுத்திச் சமாளிக்கப் பழகிவிடுகிறார்கள். முகம் அமைதியாக இருக்கும், போர்வைக்குள் ஒரு கை படுக்கை விரிப்பை இறுகப் பிடித்திருக்கும். இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இந்த நோய்க்கூறு 1952-லேயே கண்டறியப்பட்டது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஒரு பிள்ளை தன் வலியை நிரூபிக்க வேண்டியிருப்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

0 முதல் 10 வரை வலி எவ்வளவு என்று அவனிடமே கேளுங்கள். அவன் சொல்லும் எண்ணை ஒரு நோட்டில் நேரத்தோடு எழுதுங்கள். கொடுத்த மாத்திரையையும் எழுதுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் முதலில் அந்த நோட்டை நீட்டுங்கள். வலி தொடங்கியதுமே, டாக்டர் எழுதித் தந்த மாத்திரையைத் தந்த அளவில் கொடுத்துவிடுங்கள். வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி ஒத்தடம் கொடுக்கலாம், ஐஸ் வேண்டவே வேண்டாம். குளிர் பட்டாலும் உடம்பில் நீர் வற்றினாலும் வலி கிளம்பும். உங்கள் ஊர்க் குளிருக்கு ஸ்வெட்டரும் குளிக்க வெந்நீரும் கட்டாயம். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும். இந்த நோயில் சிறுநீரகத்தால் நீரைச் சேமிக்க முடியாது. அதனால் அடிக்கடி சிறுநீர் கழிக்கப் போவான், சில இரவுகளில் படுக்கை நனையலாம். அதற்காகத் தண்ணீரைக் குறைக்காதீர்கள். வகுப்பு நடுவே வெளியே விடும்படி ஆசிரியரிடம் பேசிவையுங்கள்.

காய்ச்சல் 101 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். இவர்களுக்கு மண்ணீரல் கெட்டுப்போயிருக்கும், கிருமி சில மணி நேரத்தில் ரத்தம் முழுக்கப் பரவிவிடும். நெஞ்சுவலி, மூச்சிரைப்பு, வாய் கோணுதல், ஒரு பக்கக் கை கால் தளர்தல் எதுவானாலும் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றை அம்மாவிடம் சொல்ல இந்த வயதுப் பையன்கள் கூச்சப்படுவார்கள். ஆணுறுப்பு விறைத்து வலியோடு 2 மணி நேரமாகியும் தளராவிட்டால் அது அவசர நிலை. அப்பாவோ தாய்மாமனோ முன்கூட்டியே அவனிடம் சொல்லிவைக்கட்டும்.

ரத்தசோகைதானே என்று கடையில் இரும்புச்சத்து மாத்திரை வாங்கித் தராதீர்கள். ஃபோலிக் அமிலம் வேறு, அதைத் தொடருங்கள். வலி அடிக்கடி வராமல் தடுக்கும் ஹைட்ராக்சியூரியா மருந்தை எழுதித் தந்திருந்தால் வலி இல்லாத நாளிலும் விடக்கூடாது, ரத்த அணு எண்ணிக்கைப் பரிசோதனையையும் தள்ளிப்போடக் கூடாது. இதுவரை தரவில்லையென்றால், அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் கேளுங்கள். கேள்வியை அவனே கேட்கட்டும், நோட்டும் அவன் கையில் இருக்கட்டும்.